போரும் மருத்துவமும்

போரில் காயமடைந்தோர், நோயுற்றோர், மனம் குலைந்தோர் ஆகியோரைக் காக்க நேர்ந்த கட்டாயத்தால் அறுவை மருத்துவம், தொற்றுநோய்த் தடுப்பு, மறுவாழ்வு, மனநல மருத்துவம் ஆகிய துறைகள் பெரும் மாற்றங்களைக் கண்டுள்ளன. போர் முற்றிலும் புதிய அறிவைப் படைத்த தருணங்கள் குறைவு. ஒருசில மருத்துவர்களின் கையிலோ ஆய்வுக்கூடத்திலோ முடங்கிக் கிடந்த அறிவை அது ஊரெங்கும் பரப்பிய தருணங்களே மிகுதி. ஒரே வகைக் காயத்துடன் ஆயிரக்கணக்கானோர் ஓரிடத்தில் குவிவது, அரசின் பணம், படையின் ஒழுங்கு, தயக்கத்துக்கு இடம் தராத அவசரம் ஆகிய நான்கும் இதற்குக் காரணங்கள். உடற்காயங்களில் இவ்வாறு கற்றவை பெரும்பாலும் நிலைத்தன. மனக்காயங்களில் கற்றவை போர் ஓய்ந்ததும் கைவிடப்பட்டு, அடுத்த போரில் மீண்டும் முதலிலிருந்து கற்கப்பட்டன.

தொடக்க காலம்

துப்பாக்கிக் காயத்தில் வெடிமருந்தின் நஞ்சு ஏறுகிறது என்று 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பினர். நஞ்சை முறிக்கக் கொதிக்கும் எண்ணெயைக் காயத்தில் ஊற்றுவது வழக்கம். 1537இல் துரின் நகர முற்றுகையில் பணியாற்றிய பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாசு பாரேயிடம் எண்ணெய் தீர்ந்துபோனது. மீதமிருந்த வீரர்களுக்கு முட்டை மஞ்சட்கரு, ரோசா எண்ணெய், டர்பன்டைன் கலந்த களிம்பைப் பூசினார். மறுநாள் காலை பார்த்தபோது, எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள் காய்ச்சலிலும் வலியிலும் துடித்துக்கொண்டிருந்தனர். களிம்பு பூசப்பட்டவர்கள் ஓரளவு அமைதியாக உறங்கியிருந்தனர். இந்த அனுபவத்தை 1545இல் நூலாக எழுதினார். மருத்துவர்களின் மொழியான இலத்தீனைத் தவிர்த்துப் பிரெஞ்சில் எழுதியதால் களத்தில் இருந்த சாதாரண அறுவையாளர்களுக்கும் அது பயன்பட்டது. உறுப்பை வெட்டியபின் இரத்தக் குழாய்களைச் சூட்டுக்கோலால் பொசுக்குவதற்குப் பதில் நூலால் கட்டும் முறையையும் பின்னர் அவர் பரப்பினார்.

இந்தியாவிலிருந்து மேற்கே சென்ற அறிவும் ஒரு போரின் வழியே சென்றது. ஆங்கிலேயருக்கும் திப்பு சுல்தானுக்கும் இடையே 1792இல் முடிந்த மைசூர்ப் போரில், ஆங்கிலப் படையின் மாட்டுவண்டியோட்டி கவாசுஜி பிடிபட்டார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. பின்னர் புனே பகுதியைச் சேர்ந்த ஒருவர், நெற்றித் தோலைத் திருப்பி இறக்கி அவருக்குப் புதிய மூக்கு அமைத்தார். ஆங்கில மருத்துவர்கள் இருவர் நேரில் கண்ட இந்தச் சிகிச்சை பற்றிய செய்தி படத்துடன் 1794இல் லண்டன் இதழொன்றில் வெளிவந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ நீண்ட காலம் பிணங்களில் பயின்று, 1814இல் லண்டனில் அதே முறையில் அறுவை செய்தார். நவீன ஒட்டறுவை மருத்துவம் ஐரோப்பாவில் மறுபிறப்பு எடுத்தது இங்கிருந்துதான்.

நெப்போலியனின் படைமருத்துவர் டொமினிக் ழான் லாரே 1792 முதல் விரைவுக் குதிரை வண்டிகளைப் போர்முனைக்கே அனுப்பிக் காயமுற்றோரை எடுத்துவரச் செய்தார். அதுவரை போர் முடியும்வரை அவர்கள் களத்திலேயே கிடப்பார்கள். பதவியையோ நாட்டையோ பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்து முன்னுரிமை தர வேண்டும் என்ற விதியும் அவருடையதே. இன்று விபத்துச் சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளிகளைத் தரம்பிரிக்கும் நடைமுறை அதன் தொடர்ச்சி.

பத்தொன்பதாம் நூற்றாண்டு

கிரிமியப் போர் (1853–56) படைகளைக் கொல்வது தோட்டாவைவிட நோயே என்பதை எண்களால் காட்டியது. 1854 நவம்பரில் 38 பெண்களுடன் துருக்கியின் இசுகுத்தாரி மருத்துவமனைக்கு வந்த புளோரன்சு நைட்டிங்கேல் உணவு, துணி, தூய்மை ஆகியவற்றைச் சீர்செய்தார். ஆயினும் 1855 பிப்ரவரியில் நோயாளிகளில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். மார்ச்சில் வந்த சுகாதார ஆணையம் கழிவுநீர்க் கால்வாய்களைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்தைச் சரிப்படுத்தியது. ஜூனுக்குள் இறப்பு நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது. இந்தக் கணக்குகளை வண்ண வரைபடமாக்கி 1858இல் நைட்டிங்கேல் வெளியிட்டார். 1860இல் லண்டன் செயின்ட் தாமசு மருத்துவமனையில் அவர் நிறுவிய பள்ளியால் செவிலியர் பணி முறையான தொழிலாயிற்று. அதே போரில் உருசியத் தரப்பில் நிக்கொலாய் பிரகோவ் உடைந்த எலும்புகளுக்கு மாவுக்கட்டு முறையைப் பேரளவில் பயன்படுத்தினார்.

1859இல் சோல்பெரினோ போர்க்களத்தைக் கண்ட சுவிட்சர்லாந்து வணிகர் ஆன்றி துனான்டின் முயற்சியால் 1863இல் செஞ்சிலுவை இயக்கமும் 1864இல் முதல் ஜெனீவா ஒப்பந்தமும் பிறந்தன.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் நோயால் இறந்தனர். வடதரப்புப் படையொன்றின் மருத்துவ இயக்குநர் ஜோனதன் லெட்டர்மன், முதலுதவி நிலையம், களமருத்துவமனை, தொலைவிலுள்ள பெரிய மருத்துவமனை எனப் படிப்படியான அமைப்பை 1862இல் உருவாக்கினார். பிலடெல்பியாவில் நரம்புக் காயங்களுக்கெனத் தனி மருத்துவமனை நடத்திய சைலசு வெயர் மிட்செல், வெட்டப்பட்ட கையோ காலோ இன்னும் இருப்பதாகவும் வலிப்பதாகவும் வீரர்கள் உணர்வதை விரிவாகப் பதிவுசெய்தார். அதே நகரில் ஜேக்கப் டகோஸ்டா, இதயத்தில் கோளாறு எதுவும் காணப்படாதபோதும் படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறலால் அவதிப்பட்ட வீரர்களைப் பற்றி 1871இல் எழுதினார். போர் தந்த மனவதை உடல்நோயின் வேடத்தில் மருத்துவ ஏடுகளில் இடம்பெற்றது இவ்வாறுதான்.

முதல் உலகப் போர்: உடற்காயங்கள்

பதுங்குகுழிப் போரில் தலை மட்டும் வெளியே தெரிந்தது. எறிகுண்டுச் சிதறல்கள் முகங்களைச் சிதைத்தன. நியூசிலாந்தில் பிறந்த காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஹரோல்டு கில்லீசின் முயற்சியால் 1917இல் இங்கிலாந்தின் சிட்கப்பில் முகக்காயங்களுக்கென மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கு 5,000க்கும் மேற்பட்டோருக்கு 11,000க்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. தோலைக் குழாய்போல் சுருட்டி, இரத்த ஓட்டம் அறாமல் முகத்துக்கு மாற்றும் முறையை அவர் அங்கே வளர்த்தார். பல் மருத்துவர், மயக்கமருந்து மருத்துவர், ஓவியர், சிற்பி ஆகியோர் ஒரே குழுவாகப் பணியாற்றினர்.

கார்ல் லாண்ட்சுடைனர் குருதி வகைகளை 1901இலேயே கண்டறிந்திருந்தார். சோடியம் சிட்ரேட் சேர்த்தால் இரத்தம் உறையாது என்பதும் 1914இல் தெரிந்திருந்தது. இரண்டையும் இணைத்து, 'ஓ' வகை இரத்தத்தை முன்கூட்டியே எடுத்துப் பனிக்கட்டியில் வைத்துப் போர்முனையில் ஏற்றிக் காட்டியவர் அமெரிக்க மருத்துவர் ஆசுவால்டு ராபர்ட்சன். 1917இல் அவர் அமைத்த சேமிப்பிடமே இரத்த வங்கியின் முன்னோடி. மேரி கியூரி வண்டிகளில் எக்சு கதிர்க் கருவிகளைப் பொருத்திக் களத்துக்கு ஓட்டிச் சென்றார். தொடை எலும்பு முறிவுக்கு ஹியூ ஓவன் தாமசு பல ஆண்டுகளுக்கு முன் வடிவமைத்த தாங்குசட்டத்தை, அவருடைய மனைவிவழி உறவினரான ராபர்ட் ஜோன்சு படைக்குள் கொண்டுவந்தார். அத்தகைய முறிவால் நேர்ந்த இறப்பு பெருமளவு குறைந்தது.

குண்டதிர்ச்சி

போர் தொடங்கிய சில மாதங்களிலேயே, காயம் எதுவுமின்றிப் பேச்சிழந்து, பார்வையிழந்து, நடுங்கியபடி வீரர்கள் மருத்துவமனைக்கு வந்தனர். இங்கிலாந்து உளவியலாளர் சார்லசு மையர்சு அத்தகைய மூவரைப் பற்றி 1915 பிப்ரவரியில் லான்செட் இதழில் எழுதியபோது குண்டதிர்ச்சி என்ற பெயர் மருத்துவ ஏட்டில் ஏறியது. வெடியதிர்வு மூளையைப் பாதித்தது என்பது முதல் ஊகம். வெடிப்பின் அருகே செல்லாதவர்களுக்கும் அதே குறிகள் வந்ததால் அந்த விளக்கம் நிற்கவில்லை. பிரித்தானியப் படையில் ஏறத்தாழ 80,000 பேர் இவ்வாறு பாதிக்கப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. எண்ணிக்கை பெருகியதால் 1917இல் அந்தப் பெயரைக் குறிப்பேடுகளில் எழுதுவதையே படைத்தலைமை தடைசெய்தது.

சிகிச்சையில் பதவி வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது. கீழ்நிலை வீரர்கள் பலருக்கு மின்னதிர்ச்சியும் கண்டிப்பும் கிடைத்தன. லண்டனில் லூயிசு ஈலண்டும் ஜெர்மனியில் பிரிட்சு காப்மனும் இம்முறைக்குப் பெயர்பெற்றவர்கள். அதிகாரிகளுக்கு எடின்பரோவின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனை இருந்தது. அங்கு பணியாற்றிய டபிள்யூ. எச். ஆர். ரிவர்சு 1901–02இல் நீலகிரியில் தோடர்களிடையே தங்கி ஆய்வு செய்து, 1906இல் அவர்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய மானிடவியலாளர். கவிஞர் சிக்பிரிட் சசூன் 1917இல் அவருடைய நோயாளியாக இருந்தார். கொடிய நினைவுகளை மறக்கச் சொல்லி அடக்குவதே நோயை வளர்க்கிறது, அவற்றைப் பேசித் தாங்கக்கூடியதாக்க வேண்டும் என்பது ரிவர்சின் நிலைப்பாடு.

மறுபுறம், போர்முனையை விட்டோடியது, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகப் பிரித்தானியப் படையில் சுடப்பட்ட 306 பேருக்கு 2006இல்தான் சட்டப்படி மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களில் குண்டதிர்ச்சிக்கு ஆளானவர்களும் இருந்தனர்.

1917இல் ஐரோப்பாவில் ஆய்வு நடத்திய அமெரிக்க மனநல மருத்துவர் தாமசு சால்மன், போர்முனைக்கு அருகிலேயே, உடனடியாக, குணமாகித் திரும்புவாய் என்ற எதிர்பார்ப்போடு சிகிச்சை தர வேண்டும் என்ற முறையை அமெரிக்கப் படைக்கு வகுத்தார். தொலைவுக்கு அனுப்பப்பட்டவர்களின் நோய் நாட்பட்டதாகியது என்ற அனுபவமே இதன் அடிப்படை.

போரின் பயன் பொதுமக்களையும் எட்டியது. படைமருத்துவமனையாகப் பயன்பட்ட லண்டனின் மாட்சிலி மருத்துவமனை 1923இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பேச்சுவழிச் சிகிச்சைக்கான டேவிசுடாக் மனநலவகம் 1920இல் தொடங்கியது. நோயாளி தாமாக முன்வந்து மனநல மருத்துவமனையில் சேர இங்கிலாந்தில் 1930ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. குலைந்த மனம் பரம்பரைக் குறைபாட்டின் விளைவு என்ற பழைய நம்பிக்கையைத் திடமான உடலும் நல்ல குடும்பமும் கொண்ட வீரர்களின் வீழ்ச்சி அசைத்துவிட்டிருந்தது.

இரண்டாம் உலகப் போர்: மருந்துகளும் மறுவாழ்வும்

அலெக்சாண்டர் பிளெமிங் 1928இல் கண்ட பெனிசிலின் பத்தாண்டுக்கு மேல் மருந்தாகவில்லை. ஆக்சுபோர்டில் ஹோவர்டு புளோரி, எர்னசுட் செயின், நார்மன் ஹீட்லி ஆகியோர் 1940இல் எலிகளில் அதன் ஆற்றலை நிறுவினர். 1941இல் முதலில் சிகிச்சை பெற்ற காவலர் ஒருவர் தேறிவந்தார். மருந்து தீர்ந்ததும் இறந்தார். குண்டுவீச்சுக்கு ஆளான இங்கிலாந்தில் பேரளவு உற்பத்திக்கு வழியில்லை. அவ்வாண்டு ஜூலையில் புளோரியும் ஹீட்லியும் அமெரிக்கா சென்றனர். பியோரியா நகர அரசு ஆய்வுக்கூடம் மக்காச்சோள ஊறல்நீரில் பூஞ்சையை வளர்த்து விளைச்சலைப் பெருக்கியது. போட்டி நிறுவனங்களை அரசு ஒன்றுசேர்த்தது. 1944 ஜூனில் நார்மண்டியில் படைகள் இறங்கியபோது 23 லட்சம் அளவைகள் கையிருப்பில் இருந்தன.

நச்சுவாயு ஆய்விலிருந்து புற்றுநோய் மருந்து பிறந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் லூயிசு குட்மனும் ஆல்பிரட் கில்மனும் நைட்ரசன் மசுடர்டு என்ற பொருளை 1942இல் நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்குச் செலுத்தினர். போர்க்கால இரகசியம் காரணமாக முடிவுகள் 1946இல்தான் வெளிவந்தன.

லண்டன் கண் மருத்துவர் ஹரோல்டு ரிட்லி, விமானிகளின் கண்ணில் தைத்த அக்ரிலிக் கண்ணாடிச் சில்லுகளைக் கண் ஏற்றுக்கொள்வதைக் கவனித்தார். 1949 நவம்பரில் அதே பொருளில் செய்த செயற்கை வில்லையைக் கண்புரை நோயாளிக்குப் பொருத்தினார். விலை மிகுந்த இந்த வில்லையை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992 முதல் மலிவாகத் தயாரித்து ஏழைகளுக்கும் எட்டச் செய்தது. அரவிந்தை நிறுவிய கோ. வெங்கடசாமியும் இந்தியப் படையில் மருத்துவராக இருந்தவரே.

முதுகுத்தண்டு முறிந்தவர்கள் முந்தைய போரில் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த்தொற்றாலும் பெரும்பாலும் இறந்தனர். நாசி ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த யூத மருத்துவர் லூட்விக் குட்மன் 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில்லில் தொடங்கிய சிறப்புப் பிரிவு, நோயாளிகளை வேளை தவறாமல் புரட்டிப் படுக்கவைத்து, தொழிலும் விளையாட்டும் பழக்கியது. லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய 1948 ஜூலை 29 அன்று அங்கே 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் பங்கேற்றனர். அப்போட்டி வளர்ந்து பாராலிம்பிக் ஆனது. ஈசுட் கிரின்சுடெடில் எரிகாய விமானிகளைக் கவனித்த ஆர்ச்சிபால்டு மெக்கிண்டோ, அவர்களை நோயாளி உடையின்றி ஊருக்குள் நடமாடவிட்டு, ஊராரையும் அதற்குப் பழக்கினார். சிதைந்த முகத்தோடு வாழக் கற்பது சிகிச்சையின் பகுதியாயிற்று.

இரண்டாம் உலகப் போர்: மனநல மருத்துவம்

சால்மனின் முறை இதற்குள் மறக்கப்பட்டிருந்தது. பலவீனமானவர்களை முன்பே வடிகட்டினால் போதும் என்று அமெரிக்கா நம்பியது. மனநலக் காரணம் காட்டி 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிராகரிக்கப்பட்டனர். அப்படியும் மனம் குலைந்தோர் விகிதம் முந்தைய போரைவிட உயர்ந்தது. 1943இல் சிசிலியில் தளபதி பேட்டன், மருத்துவமனையில் இருந்த இரு வீரர்களைக் கோழைகள் என்று அறைந்தது பெரும் சர்ச்சையானது. அதே ஆண்டு துனீசியாவில் பிரடெரிக் ஹான்சன், போர்முனைக்கு அருகில் சில நாள் உறக்கமும் உணவும் ஓய்வும் தந்து பலரைத் தேற்றினார். சால்மன் கூறியது மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. போர் முடிவில் வந்த ஆய்வொன்று, மொத்தம் 200 முதல் 240 நாள் சமரில் இருந்தால் எவரும் தளர்ந்துவிடுவர் என்றது. கோழைத்தனம் என்ற குற்றச்சாட்டுக்கு எதிரான வலுவான மருத்துவ வாதமாக இது நின்றது.

இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே நார்த்பீல்டு படைமருத்துவமனையில் வில்பிரட் பயன், எசு. எச். பூக்சு முதலியோர் குழுச் சிகிச்சையை வளர்த்தனர். மருத்துவர் பற்றாக்குறையே அதற்குத் தூண்டுதல். அமெரிக்காவில் வில்லியம் மென்னிங்கர் தலைமையில் 1943இல் வகுக்கப்பட்ட படை நோய்ப்பட்டியல், 1952இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கக் கையேட்டின் முதல் பதிப்புக்கு மூலமாயிற்று. 1946ஆம் ஆண்டுத் தேசிய மனநலச் சட்டமும் 1949இல் அமைந்த தேசிய மனநல நிறுவனமும் போர் அனுபவத்தின் நேரடி விளைவுகள்.

வியட்நாமும் அதன் பின்னும்

கொரியப் போரில் (1950–53) ஹெலிகாப்டரும் நடமாடும் அறுவை மருத்துவமனையும் காயத்துக்கும் அறுவைக்கும் இடையிலான நேரத்தைச் சுருக்கின. அறுபட்ட தமனியைக் கட்டிவிடாமல் தைத்து இணைத்ததால், இரண்டாம் உலகப் போரில் இத்தகைய காயம்பட்டோரில் ஏறத்தாழ பாதிப் பேர் உறுப்பை இழந்த நிலை மாறி அது எட்டில் ஒருவராகக் குறைந்தது. வியட்நாம் காடுகளில் மலேரியா படைகளை வாட்டியதால் சீனா 1967இல் இரகசிய ஆய்வுத் திட்டம் தொடங்கியது. அதில் பணியாற்றிய தூ யூயூ பழஞ்சீன மருத்துவ நூலின் குறிப்பைப் பின்பற்றி ஆர்ட்டெமிசினினைப் பிரித்தெடுத்தார். 2015இல் நோபல் பரிசு பெற்றார்.

அமெரிக்க மனநலக் கையேட்டின் முதல் பதிப்பில் இருந்த கடும் நெருக்கடி எதிர்வினை என்ற வகை 1968ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டது. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. ஊர் திரும்பிய வீரர்கள் கொடுங்கனவாலும் திடீர் நினைவுகளாலும் உணர்வு மரத்துப்போதலாலும் அவதிப்பட்டபோது, அதைச் சொல்ல மருத்துவத்திடம் பெயரில்லை. 1970 முதல் நியூயார்க்கில் வீரர்கள் தாமே கூடிப் பேசும் குழுக்களை அமைத்தனர். உளமருத்துவர்கள் ராபர்ட் லிப்டனும் ஹைம் ஷட்டானும் அவற்றில் இணைந்தனர். அவர்களும் வீரர் அமைப்புகளும் போராடியதன் பயனாக 1980ஆம் ஆண்டுப் பதிப்பில் பேரிடர்க்குப் பிந்தைய மனவடு நோய் தனி நோயாக இடம்பெற்றது. காரணம் நோயாளியின் இயல்பில் இல்லை, அவருக்கு நேர்ந்த நிகழ்வில் இருக்கிறது என்பதை இந்த வகைப்பாடு ஏற்றது. வன்புணர்வு, விபத்து, இயற்கைப் பேரிடர் ஆகியவற்றிலிருந்து மீண்டோருக்கும் இதே நோயறிதலும் சிகிச்சையும் கிடைக்கலாயின.

தெற்காசிய அனுபவம்

1971 வங்கதேச விடுதலைப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தனர். மேற்கு வங்கத்தின் பங்கான் மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையெங்கும் கிடந்தனர். சிரைவழி ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகாலனாபிசு, ஒரு லிட்டர் நீரில் 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா கலந்த கரைசலை உறவினர்களே நோயாளிக்குப் புகட்டச் செய்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. கரைசல் பயன்தரும் என்பது 1968இலேயே டாக்காவில் நிறுவப்பட்டிருந்தது; பயிற்சியில்லாதவர் கையில் ஒப்படைக்க மருத்துவ உலகம் தயங்கியது. அகதி முகாமின் நெருக்கடி அந்தத் தயக்கத்தை உடைத்தது. இன்று கடைகளில் கிடைக்கும் ஓ.ஆர்.எசு. பொட்டலம் அதன் வழிவந்தது.

இலங்கை உள்நாட்டுப் போர் (1983–2009) வடக்கு, கிழக்கு மக்களிடையே இடப்பெயர்வு, காணாமலாக்கப்படுதல், கண்ணிவெடி ஆகியவற்றின் சுமையை ஏற்றியது. யாழ்ப்பாணத்தில் காலிழந்தோருக்கு இந்தியாவின் ஜெய்ப்பூர் செயற்கைக் கால் பொருத்தப்பட்டது. மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே இருந்ததால், ஆசிரியர்கள், கிராம அலுவலர்கள், சமூகநலப் பணியாளர்கள் ஆகியோருக்கு உளவளத்துணைப் பயிற்சி தரும் வழியை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் உடன்பணியாற்றியோரும் மேற்கொண்டனர். தனிமனிதரின் நோயாக மட்டும் பார்த்தால் குடும்பமும் ஊரும் உறவும் குலைந்த நிலை புலப்படாது என்று வாதிட்டுக் கூட்டு மனவடு என்ற கருத்தை அவர் முன்வைத்தார். இறுதிச் சடங்கு, கோயில் வழிபாடு, யோகாசனம் ஆகிய பழகிய வழிகளும் சிகிச்சையோடு இணைக்கப்பட்டன. 2004 ஆழிப்பேரலையின்போது இந்த அனுபவம் கைகொடுத்தது. மறு ஆண்டு இலங்கை தேசிய மனநலக் கொள்கையை ஏற்றது.

மதிப்பீடு

போர் மருத்துவத்துக்கு நன்மை செய்தது என்ற கூற்றை வரலாற்றாசிரியர் ரோஜர் கூட்டர் முதலியோர் மறுத்துள்ளனர். படைக்குப் பயன்படாத துறைகள் போர்க்காலத்தில் பின்தங்கின. பொதுமக்களுக்கான மருத்துவர்கள் படைக்குப் போயினர். சிகிச்சையின் நோக்கமும் இருமுகம் கொண்டது: களமருத்துவர் குணப்படுத்திய வீரரைப் படை மீண்டும் களத்துக்கே அனுப்பியது. போரின் பெயரால் நடந்த கொடுமைகளும் உண்டு. நாசி முகாம்களில் கைதிகள்மீது நடத்தப்பட்ட சோதனைகளுக்காக மருத்துவர்கள் உட்பட 23 பேர் நியூரம்பர்க்கில் விசாரிக்கப்பட்டனர். சோதனைக்கு உட்படுபவரின் சுயவிருப்பமான இசைவு இன்றியமையாதது என்ற நெறி 1947 தீர்ப்பில் எழுந்தது. மஞ்சூரியாவில் ஜப்பானின் 731ஆம் பிரிவு நடத்திய சோதனைகளுக்குத் தலைமை தாங்கியவர்களோ, தரவுகளை அமெரிக்காவிடம் ஒப்படைத்துத் தண்டனையிலிருந்து தப்பினர்.

2019இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மோதல் நடந்த பகுதிகளில் வாழ்வோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு மனநலக் கோளாறு உள்ளது. அவர்களில் பெரும்பான்மையினர் ஆயுதம் ஏந்தாதவர்கள். மாட்சிலி மருத்துவமனை, அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம், ஸ்டோக் மண்டவில் பிரிவு ஆகியவற்றைப்போல, போர் ஓய்ந்த பின்னும் நிதியும் ஆளும் பெற்றுத் தொடர்ந்த நிறுவனங்கள் இருந்த இடங்களிலேயே போர்க்கால அறிவு பொதுமக்களின் மருத்துவமாகியது. மற்ற இடங்களில் அது அறிக்கைகளில் தங்கியது.